புனிதாவின் ஆம்ப்ளிபயர்

புதன்கிழமை மத்தியானம் செல்லனின் ஐஸ் லோரி வீட்டு வாசலில் வந்து நின்றதுமே அர்ஜுனன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தான். செல்லன் அவனுடைய மைத்துனர், மனைவி புனிதவதியின் அண்ணன். மூன்று வருடமாக அந்த லோரி கோல சிலாங்கூரில் இந்தத் தெருப்பக்கம் தலைகாட்டியதில்லை. மூன்று வருடமாகப் புனிதவதியும் இந்த வீட்டில் இல்லை. சுங்கை செம்பிலாங்கில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

செல்லன் இறங்கி, கோணிச் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்றுகிறவர். மீன் வாடை சாக்கிலும் இருந்தது, அவரிடமும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த மேசைமேல் அதை வைத்துச் சாக்கை உருவினார். அது என்னவென்று தெரிந்துகொள்ள அர்ஜுனன் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புனிதா வீட்டை விட்டுப் போனபோது கொண்டுபோனது இரண்டே இரண்டு சாமான். ஒன்று சேலைப் பெட்டி. இன்னொன்று இந்த ஆம்ப்ளிபயர்.

"சத்தம் நின்னு போச்சு மாப்ள," என்றார் செல்லன். "முன்னயும் நிக்கும். தங்கச்சி மண்டையில ரெண்டு தட்டு தட்டுவா, வந்துரும். இப்ப தட்டினாலும் வரல லா. நாளன்னிக்கு ஆடி மூணாம் வெள்ளி. கோயில்ல அவதான் பாடணும்."

"எத்தன நாளா தட்டறா?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வருசம்."

இரண்டு மூன்று வருடமாகப் பழுதான பெட்டியைத் தட்டித் தட்டிப் பாடியிருக்கிறாள். இருபது நிமிடத் தூரத்தில் பழுது பார்க்கிற புருஷன் இருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

"அவளா இங்க கொண்டு போகச் சொன்னா?"

செல்லன் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார். "நான் கிள்ளான் கடைக்குக் கொண்டு போறேன்னேன். வேணாம், அங்கயே குடுன்னா."

அங்கேயே. பேரைச் சொல்லவில்லை, அவர் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அர்ஜுனன் அன்றைக்கு ராத்திரிச் சோற்றையே முடித்துவிடலாம் போலிருந்தது. மனுஷனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவள் திரும்பி வர வேண்டும். மூன்று வருடமாக வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. போய்க் கூப்பிட்டால் வருவாளா மாட்டாளா என்பது அப்புறம். போவதற்கே அவனுக்கு ஒரு முகாந்தரம் வேண்டியிருந்தது. இப்போது பதினோரு கிலோவில் ஒரு முகாந்தரம் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழம நானே கொண்டாறேன்னு சொல்லுங்க மச்சான்."

செல்லன் அவனை ஒரு பார்வை பார்த்தார். "சொல்றேன்," என்று லோரியில் ஏறினார்.

அர்ஜுனனைப் பற்றிக் குறை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து அப்படியே கொடுப்பான். ஒரே ஒரு வியாதிதான். ஒரு தப்பு நடந்தால் அது அவனுடையதாக இருக்க முடியாது. சோறு குழைந்தால் புனிதா தண்ணீரை அள்ளிக் கொட்டிவிட்டாள். வேறு அரிசியை வாங்கி வந்தது யார் என்ற பேச்சே வராது. பையன் சரண் பரீட்சையில் கோட்டைவிட்டால் அம்மா கொடுத்த செல்லம். சரண் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறான். 'உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க' என்று போனிலேயே கும்பிடு போட்டுவிட்டான்.

புக்கிட் பெருந்துங்கில் ரேடியோ, ஸ்பீக்கர் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் பழுது பார்க்கும் மேசையில் இருந்தவன் அர்ஜுனன். அங்கே ஒவ்வொரு பெட்டியையும் சரிசெய்து மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். தேதி, கோளாறு, காரணம். தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளிகள் வேறு நாட்டுக்குப் போன பிறகும், வீட்டிலேயே மேசை போட்டுக்கொண்ட அர்ஜுனன் அந்தச் சீட்டை விடவில்லை. எலி கடித்தது. தண்ணீர் பட்டது. பிள்ளை காசைப் போட்டது. நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பான். காரணம் என்ற இடத்தில் அவன் பேர் ஒருதரம்கூட வந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் சரஸ்வதி பூஜை அன்று வீட்டில் பஜனை. அக்கம்பக்கத்தில் இருபது இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். வீட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்த புனிதா, ஆம்ப்ளிபயரின் தலையிலும் பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்திருந்தாள். காற்றுப் போக மேலே இருக்கும் ஓட்டைகளுக்கு நடுவிலேயே வைத்திருந்தாள். வேண்டாம் என்று அர்ஜுனன் வருடா வருடம் சொல்வான். சாமி காரியம் என்று வருடா வருடம் அவள் வைப்பாள். அன்றைக்குப் பாதிப் பாட்டில் ஒரு படபடப்பு, அப்புறம் சத்தமே இல்லை.

அர்ஜுனன் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மண்டையில ஏறுச்சா? கண்ட எடத்துல அப்பி வைக்கிறது, அப்புறம் நான் உக்காந்து அழுவுறது." ஒரு துணியில் ஸ்பிரிட்டைத் தோய்த்து அந்தப் பொட்டை அழித்தான். பூஜை நாள். சுமங்கலி வைத்த பொட்டு. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புனிதா மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பாட்டை முடித்தாள். சுண்டல் கொடுத்தாள், பாய்களைச் சுருட்டினாள், எல்லாருக்கும் சிரித்து விடைகொடுத்தாள். அன்று சாயங்காலமே அவன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை அழுத்தித் துடைத்து மூடினான். பாடியது. "பாத்தியா?" என்றான். அவள் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான்.

வியாழக்கிழமை காலையில் மேசையை ஒழித்தான். கம்போங் குவாந்தான் படகுத்துறைக் கடைக்காரரின் ஸ்பீக்கர் ஒரு வாரமாக வரிசையில் நின்றது. அதை ஒரு மூலைக்குத் தள்ளினான். பெட்டியை வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் முன்பக்கத்தைப் பார்த்தான். சுவிட்சுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, பைல் கவரில் வெட்டியது. நான்கு ஓரமும் செலோடேப். அதன்மேல் சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு துளிகூட வழியாதபடி, ஒரு பொடிகூட உள்ளே விழாதபடி வைத்திருக்கிறாள். மேலே ஓட்டைகளின் பக்கம் சுத்தமாக இருந்தது.

என் பேச்சைக் கேட்டிருக்கிறாள் என்று முதலில் ஒரு பெருமை வந்தது அவனுக்கு. புத்தி அப்படி.

நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். மூடியின் உட்பக்கத்தில் அவனுடைய பழைய சீட்டு. சரஸ்வதி பூஜைத் தேதி. கோளாறு: சத்தம் நின்றுவிட்டது. காரணம்: சந்தனம், குங்குமம் உள்ளே இறங்கியது. பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். படித்துவிட்டு மூடியை ஓரமாகச் சாய்த்து வைத்தான்.

நூறு வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடராக மாட்டி மின்சாரம் கொடுத்தான். உள்ளே எங்காவது கம்பியோடு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி புகையாமல் தப்பிக்கும். பல்பு ஒருமுறை மினுக்கிவிட்டு அடங்கியது. அதில் குற்றமில்லை. கொஞ்சம் பொறுத்து, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் திறந்துவிடும் ரிலே 'டக்' என்று பிடித்தது. பாட்டைப் போட்டான், கேட்டது. காத்திருந்தான். பெட்டி சூடேறச் சூடேற ஒரு படபடப்பு, மறுபடி 'டக்', சத்தம் போய்விட்டது. அதே படபடப்பு. அன்றைக்குக் கேட்ட அதே படபடப்பு.

உப்புக் காற்றாக இருக்கும் என்று நினைத்தான். கடலோரம், இரும்பே தாங்காது. பலகையைக் கழற்றி லென்சில் பார்த்தான். உப்பும் இல்லை, பச்சைக் களிம்பும் இல்லை. பெட்டிமேல் அவள் ஒரு துணி போட்டு வைத்திருந்திருக்க வேண்டும், தூசிகூட அவ்வளவாக இல்லை. கெப்பாசிட்டர்கள் உப்பவில்லை. டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தான், எல்லாம் சரியாக இருந்தன. யார்மேல் பழி போடுவது என்று தெரியாமல் அர்ஜுனன் மத்தியானம்வரை திண்டாடினான்.

பிறகு புனிதா செய்ததையே செய்தான். தட்டினான். ஆனால் மண்டையில் அல்ல. இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி ஒன்றை எடுத்து, பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே பலகையில் ஒவ்வொரு இடமாக மெல்லக் குத்திக்கொண்டு போனான். டிரான்சிஸ்டர் பக்கம் ஒன்றுமில்லை. ரிலே பக்கம் ஒன்றுமில்லை. ரிலேவுக்கு மின்சாரம் கொடுக்கும் வெள்ளை ரெசிஸ்டரைத் தொட்டதும் 'டக்'. குச்சியை எடுத்தால் பாட்டு, வைத்தால் மௌனம்.

பலகையைத் திருப்பினான். அந்த ரெசிஸ்டரின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், வட்டமாக. சூடேறும்போது கால் விரியும், ஈயம் விடும். ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். இன்னொரு காலிலும் ஈயம் மினுமினுப்பில்லாமல் சாம்பல் பூத்திருந்தது. சரியாகச் சூடாக்காமல் அவசரத்தில் பற்றவைத்த பற்று. தொழிற்சாலையில் இப்படி ஒன்று வந்தால் மேசையைத் தட்டி, எவன் வேலை இது என்று கேட்பான் அர்ஜுனன்.

எவன் வேலை என்று இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அந்த ரெசிஸ்டரை மாற்றியவன் அவன்தான். ரெசிஸ்டரின் காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு பக்கமாக மடக்கிவிடுவது அவன் பழக்கம், இதிலும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது, புனிதா சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், ஈயம் காய்ச்சும் கோல் நன்றாகச் சூடாவதற்குள் தொட்டு முடித்துவிட்டான். அதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது.

அப்படியென்றால் சரஸ்வதி பூஜை அன்றும் இதுதான். சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. இவன் பலகையை அழுத்தித் துடைத்தபோது விட்டுப்போன ஈயம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் ஒருத்தியின் பொட்டை அழித்தது தன்னுடைய சொத்தைப் பற்றுக்காக. அவளோ அதை நம்பி, போன இடத்திலும் பைல் கவரை வெட்டி ஒட்டி, அதன்மேல் பொட்டு வைத்திருக்கிறாள்.

அர்ஜுனன் சாய்த்து வைத்த மூடியை இழுத்து அந்தச் சீட்டை இன்னொருதரம் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவளை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்து என்ன சொல்ல என்றுதான் தெரியவில்லை.

காய்ச்சும் கோலைச் சூடாக்கினான். விரிசல் விட்ட காலிலிருந்து பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, புது ஈயம் வைத்தான். பளபளவென்று உட்கார்ந்தது. இரண்டாவது காலுக்கு வந்தபோது கை நின்றது.

இதை இப்படியே விட்டால் இப்போதைக்குப் பாடும். தீபாவளி வரைக்கும் தாங்கும், மிஞ்சினால் பொங்கல் வரைக்கும். அப்புறம் படபடக்கும். செல்லன் மறுபடி சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார், 'நானே கொண்டாறேன்' என்று இவன் மறுபடி சொல்லலாம். முழுசாகச் சரிசெய்து கொடுத்துவிட்டால் பத்து வருடத்துக்கு இந்தப் பெட்டி இந்த வாசலுக்கு வராது. அவளைப் போய்ப் பார்க்க அவனிடம் வேறு எந்தக் காரணமும் இல்லை.

கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பதினெட்டு வருட மேசையில் ஒருநாளும் தோன்றாத எண்ணம். எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளில் நாலு சுற்றுச் சுற்றும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பெட்டி படபடத்தால் கூட்டத்துக்கு முன்னால் நிற்பது யார் என்று நினைத்தான். மறுபடி அவள்தான் நிற்பாள். எழுந்து இரண்டாவது காலையும் சுரண்டிப் பற்றவைத்தான். பக்கத்தில் சந்தேகமாக இருந்த மூன்று பற்றுகளையும் விடவில்லை. நான்கு மணி நேரம் பாடவிட்டான். குச்சியால் குத்தினான், மண்டையில் குத்தினான். பெட்டி அசையவில்லை.

புதுச் சீட்டு எடுத்தான். தேதி. கோளாறு. காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. 'பழைய பற்று சரியில்லை. பற்றவைத்தவன் அர்ஜுனன்' என்று எழுதி, பழைய சீட்டுக்குக் கீழே ஒட்டினான். பழையதைக் கிழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சுங்கை செம்பிலாங் கோயில் வாசலில் காரை நிறுத்தினான். புனிதா மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க," என்றாள். வழியில் போகிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அர்ஜுனனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெட்டியை இறக்கி மேசையில் வைத்தான். அவள் மைக் வயரை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்காமல் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"இன்னும் முடியலியா?"

"முடிஞ்சிருச்சு. இத படி."

அவள் குனிந்து படித்தாள். முதலில் மேல் சீட்டை. அதன் தேதியைப் பார்த்ததும் அவள் உதடு இறுகியது. பிறகு கீழ்ச் சீட்டை. அதை இரண்டுதரம் படித்தாள்.

"அப்ப குங்குமம் இல்லியா?"

"இல்ல. அன்னிக்கும் இல்ல. என் கைவேல அது. தப்பு என்னுது, புனிதா."

அவள் அந்தச் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு நிமிராமலே சொன்னாள். "அன்னிக்கு அத்தன பேரு இருந்தாங்க."

அவன் தலையை ஆட்டினான். மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினான்.

ஆறரைக்கெல்லாம் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளும் ஆண்களுமாக முப்பது பேருக்குக் குறையாது. கோயில் செயலாளர் பிரமிளா பெரிய குரல்காரி. ரிலே 'டக்' என்று பிடித்து மைக் வேலை செய்ததும், "அண்ணே, என்னாதான் கோளாறு இதுக்கு? நாங்க தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு லா," என்றாள். சிரிப்பு எழுந்தது.

அர்ஜுனன் குமிழிலிருந்து கையை எடுத்தான். இதுதான் இடம் என்று தெரிந்தது, ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

"கோளாறு என்னுதுதாம்மா," என்றான். "நான் பத்தவச்சது சரியில்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி இது நின்னப்ப, இவ வச்ச பொட்டாலதான்னு ஊரு முன்னுக்கு இவளத் திட்டினேன். பொட்டயும் அழிச்சேன். இவமேல ஒரு தப்பும் இல்ல. அத உங்க முன்னுக்குச் சொல்லிறலாம்னுதான்."

யாரும் சிரிக்கவில்லை. புனிதா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் வந்தாள்.

"மேலயே வைக்கலாமா?" என்று கேட்டாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"எங்க வேணாலும் வை." ஒரு வினாடி பொறுத்தான். பொறுக்க முடியவில்லை. "ஓட்ட மேல மட்டும் வேணாம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் சிரித்ததா கலங்கியதா என்று அவன் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டாள்.

அவள் பாடினாள். இருபது வருடம் அவள் பாடியபோதெல்லாம் அர்ஜுனன் பெட்டிக்குப் பின்னால் நின்று குமிழைத் திருகிக்கொண்டிருந்தவன்தான். கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் இறக்கு, கீச்சுச் சத்தம் வருகிறதா பார். பாட்டைக் கேட்டதில்லை. இன்று ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் குரல் இரண்டாவது அடியில் லேசாக உடைந்து, அப்புறம் சேர்ந்துகொண்டது. அது எப்போதும் அப்படித்தானா, இந்த மூன்று வருடத்தில் வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் அது தெரியாமல் போனதே என்று அவனுக்கு அழுகை வந்தது. கைக்குட்டை கொண்டுவரவில்லை. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

எட்டு மணிக்குப் பூஜை முடிந்தது. செல்லன் ஒரு பொட்டலம் பொங்கலைக் கொடுத்துவிட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார். அர்ஜுனன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டதுதான். புனிதா மண்டபத்து வாசல்வரை வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் அந்த வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

"இனி ஒண்ணும் ஆகாது," என்றான். "அப்படி ஏதாச்சும் கெட்டுப் போச்சுன்னா மச்சான்கிட்ட சொல்லி அனுப்பு. நான் வந்து பாக்கறேன்."

புனிதா அவனையே பார்த்தாள்.

"ஏன், கெட்டுப் போனாத்தான் வருவீங்களா?" என்றாள்.